மிளகுக்குப் போட்ட அகத்திக்கீரை

கேஷவ்,

மிளகை மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறேன். சிறுநீரில் இன்னும் ரத்தம் வருகிறது. பட்டாணியை உன்னிடம் விட்டுப் போக மனமில்லை. ஆனால் நீ முறுக்கிய என் கை வீங்கிவிட்டது. மற்றக் கையால் ஒரு கினி பிக்கைத்தான் தூக்க முடியும்.

மிளகுக்குக் கல் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கீரை கூடாது என்று டாக்டர் உன்னிடமும்தான் சொன்னார். நேற்று அமாவாசைக்கு இரும்புலியூரில் மாடு கிடைக்கவில்லை என்று அகத்திக்கீரைக் கட்டை முழுசாகக் கூண்டுக்குள் போட்டாய். "மாட்டுக்குப் போட்டா என்ன, இதுக்குப் போட்டா என்ன, புண்ணியம் புண்ணியம்தான்" என்றாய். கேட்டதற்குக் கூண்டை உதைத்தாய். நான் குறுக்கே வந்ததும் கூண்டை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாய்.

பட்டாணிக்குக் காய்ந்த புல் நிறைய வை. மத்தியானம் கொஞ்சம் கொத்தமல்லி போதும். நன்றாகக் கழுவி, ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கொடு. பசலை, முட்டைக்கோஸ் வேண்டாம். தின்னாமல் விட்டதை எடுத்துவிடு, அழுகியதைத் தின்றால் வயிறு போகும்.

நீ சுவரில் அடித்த டம்ளரின் சில்லு ஹால் முழுக்கக் கிடக்கிறது. செருப்பில்லாமல் நடக்காதே.

ஸ்ரீவித்யா

கையை ஓங்காமல் கொடு. நேற்றிலிருந்து பட்டாணி புல்லுக்கு அடியிலேயே ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று. போன முறை என் உதடு கிழிந்திருந்ததைப் பார்த்து டாக்டர் விசாரித்தார். கூண்டுக் கதவு பட்டுவிட்டது என்றேன். இன்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன்.