முப்பத்தேழு எட்டில் வெளிநாடு

2024 மே 12, ஞாயிறு

பொன்னுதாஸின் புதுவீட்டுப் பால்காய்ப்பு. ஆராதனை முடிந்து நேரே பந்தி. எனக்கு எதிர்வரிசையில் என் மனைவியின் அண்ணன் சத்தியதாஸ். மஸ்கட்டில் இருபத்தாறு வருடம் இருந்தவர். விமானம் விட்டு இறங்கி நாலு வருடம் ஆகிறது; மஸ்கட் இன்னும் அவரை விட்டு இறங்கவில்லை. பாயசத்தில் ஏலக்காய் குறைந்தால்கூட அங்கே எப்படி என்று சொல்லுவார்.

இன்று அத்தனை பேர் முன்னால் கேட்டார்: “அளியா, இந்தச் சபையில பாஸ்போர்ட்டு இல்லாத ஆம்பளை நீரு ஒருத்தராக்கும். ஒரு நாளாவது வெளிநாடு கண்டதுண்டா?”

முப்பத்தொரு வருடம் கேரள அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாறசாலை முதல் கள்ளிக்காடு வரை என் விசில் கேட்காமல் ஒரு சக்கரம் உருண்டதில்லை. ‘உள்ளே தள்ளி நில்லு’ என்று நான் போட்ட சத்தத்தில் ரோட்டோர ரப்பர் மரங்களே இரண்டடி உள்ளே தள்ளி நின்றிருக்கின்றன. அப்பேர்ப்பட்டவனிடம் இந்தக் கேள்வி! என் நாக்கு என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டது.

“கண்டதென்ன மச்சான், அங்க எனக்கு பன்னிப் பண்ணையே வரப்போவுது.”

“எந்த நாட்டில வேய்?”

“தமிழ்நாட்டில.”

இலையில் இருந்த பப்படம் தானே நொறுங்குகிற மாதிரி சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான். சுகிர்தபாய், என் மனைவி.

காரணம் உண்டு. அந்த வெளிநாடு அவளுடையது. எங்கள் வீடு கேரளம். பின்வாசலில் இறங்கி முப்பத்தேழு எட்டு வைத்தால் சர்வே கல். கல்லுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. அதில் பதினாலு சென்ட் அவளுடைய அம்மா அவள் பெயரில் எழுதி வைத்தது. விசா வேண்டாம், செருப்பு போதும். அதைத் தன் சிமென்ட் கட்டை வியாபாரத்துக்குக் கட்டைகளை அடுக்கிவைக்க விலைக்குக் கேட்டு, சத்தியதாஸ் இரண்டு வருடமாக நடக்கிறார்.

சரி. கேள்வியை இங்கே எழுதிவிடுகிறேன்: வெளிநாட்டில் சிறிய அளவில் பன்றி வளர்த்தால் லாபம் வருமா?

வரும். வராமல் எங்கே போய்விடும்?

மே 13, திங்கள்

சுகிர்தபாய் மத்தி மீன் கழுவிக்கொண்டே பேசினாள்.

“கூடப்பிறந்த அண்ணன் கேக்கும்பம், சும்மா கெடக்க நிலத்தைத் தரமாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல. அது சும்மா கெடக்கல்லன்னு நீங்க காட்டுங்க. கிறிஸ்மஸ் வரைக்கும் தவணை. லாபம் வந்தா நிலம் எனக்கு. இல்லன்னா புதுவருசத்தில அண்ணனுக்கு கையெழுத்து போடுவேன். பின்ன நீங்க சத்தம் போடப்பிடாது.”

“உனக்கு விக்க மனசுண்டா?”

“அதைக் கேக்காதீங்க.”

பதில் அவள் வாயில் வரவில்லை. மீன் தலைகளை வெட்டிய வெட்டில் வந்தது.

மே 29, புதன்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஆறு குட்டிகள் வந்திறங்கின. ஆறும் வெள்ளை, ஆறும் ஆண்கள். வந்த பத்தாவது நிமிடம் தொட்டியை நக்கி என் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கிவிட்டன. எங்கள் பஸ் வகைகளின் பெயரையே வைத்தேன்: ஆர்டினரி, லிமிடெட் ஸ்டாப், டௌன் டு டௌன், ஃபாஸ்ட் பாசஞ்சர், சூப்பர் ஃபாஸ்ட், மின்னல்.

“பிள்ளைகளுக்குக்கூட இவ்ளவு யோசிச்சு பேரு வைக்கல்ல” என்றாள் சுகிர்தபாய்.

ஜூன் 3, திங்கள்

தீவனம் முடிவாகிவிட்டது. உதியன்குளங்கரையில் ஹோட்டல் நடத்தும் தாணுமாலயன் என் பழைய பயணி. மிஞ்சுகிற சோறு, சாம்பார், பரோட்டா எல்லாவற்றையும் எனக்கே தருகிறான். “கொண்டு போங்கண்ணே, எனக்கு குழி வெட்டுத சோலி மிச்சம்.” ஸ்கூட்டரில் இரண்டு பக்கமும் இரண்டு டிரம். ரோட்டு வழியாகச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் இறக்குகிறேன்.

தீவனச் செலவு பூஜ்யம்! உலகத்துப் பொருளாதார நிபுணர்கள் எல்லாரும் என் டிரம்மைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

மின்னல் என் வலது செருப்பைத் தின்றான். இடதை நாளைக்கென்று வைத்திருக்கிறான்.

ஜூலை 16, செவ்வாய்

மழை. நெய்யாறு அணையைத் தூக்கிக் கொண்டுவந்து எங்கள் கொட்டகை மேல் கவிழ்த்த மாதிரி. ஓலைக்கு மேல் தார்ப்பாய் போட ஏறினேன். ஏணியைப் பிடித்தது சுகிர்தபாய்.

ஆகஸ்ட் 8, வியாழன்

எழுத்து கோணலாக விழுகிறது. விழட்டும்.

எல்லை தாண்டிய முதல் வளைவில் ஒரு போலீஸ்காரர், கூட ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். டிரம் மேல் கிடந்த சாக்கை விலக்கினார்கள்.

“கேரளத்துக் கழிவைக் கொண்டுவந்து எங்க ஊர்ல தட்டுதியாடே?”

“சாரே, இது கழிவு இல்ல. சாப்பாடாக்கும்.”

“யாருக்கு?”

“சூப்பர் ஃபாஸ்டுக்கு.”

குடித்திருக்கிறேன் என்று வாயை ஊதச் சொன்னார்.

எலே, நான் ஊதினது ஒரு விசிலு மட்டும்தானாக்கும்! அறுபது வயசில நடுரோட்டில நிக்க வச்சு, ரெண்டு டிரம்முக்க நடுவில, போட்டோ வேற எடுக்கானுவ. பஸ்ஸில எத்தனை பேருக்க முன்னால நிமுந்து நின்னவன் நான். இனி கண்டால் வண்டியைப் பிடித்து வைப்பாராம். டிரம்மோடு திருப்பி அனுப்பினார்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் சத்தியதாஸின் போனுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கே வந்து காட்டினார். “பாத்தியா சுகிர்தம், மாப்பிளை வெளிநாட்டு போலீசில மாட்டினாரு.”

அவள் படத்தைப் பார்த்தாள். “டிரம்முக்கு மூடி வாங்கணும்” என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

யோசித்தேன். தப்பு என்னுடையது. மஸ்கட்டுக்குப் போனவர் தினமும் பாறசாலையிலிருந்தா சோறு கொண்டுபோனார்? வெளிநாட்டில் தொழில் என்றால் வெளிநாட்டிலேயே தின்ன வேண்டும்.

காலையிலேயே அந்தப் பக்கத்துச் சந்தைக்கு நடந்தேன். விலைபோகாத மரச்சீனிக் கிழங்கு, உடைந்த பூசணி, மில்லில் தவிடு. கல்யாண மண்டபத்துக்காரரிடமும் மிஞ்சுகிற சோற்றுக்குச் சொல்லி வைத்தேன். என் தங்கை மகள் ரெஷ்மா மிருக ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. அவள் போனில் சொன்னாள்: “எச்சில் சோறை கொதிக்க வைக்காம குடுக்காதீங்க மாமா. நோய் வரும்.” அடுப்பு கூட்டியாயிற்று. தீவனச் செலவு இனி பூஜ்யம் இல்லை. நிபுணர்கள் வீட்டுக்குப் போகலாம்.

ஆனாலும் விடமாட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து எங்கள் சபைக் கோயில் வாசலில் நின்று கிறிஸ்துமஸ் பன்றிக்கறிக்குப் பதிவு எடுத்தேன். நாற்பத்துமூன்று வீடு! பன்றிகள் வளர்ந்திருக்கிற வளர்த்திக்கு, மின்னல் திரும்பிப் படுத்தால் களியக்காவிளையில் பாத்திரம் உருளுகிறது. சத்தியதாஸ் மட்டும் பெயர் தரவில்லை. “கறி கைக்கு வரட்டும், பின்ன பாப்போம்” என்றார்.

அக்டோபர் 21, திங்கள்

ரெஷ்மா வந்தாள். சாயா கொடுத்ததைக் குடிக்காமல் கேட்டாள்.

“மாமா, கோயில்ல நாப்பத்துமூணு வீட்டுக்குச் சொன்னியளாமே. பன்னி எங்க நிக்குது?”

“வெளிநாட்டில.”

“அதாக்கும் பிரச்சினை. பன்னிக் காய்ச்சல் இருக்கதுனால வெளி மாநிலத்துப் பன்னிய இஞ்ச கொண்டுவரப்பிடாது. உயிரோடயும் பிடாது, கறியாவும் பிடாது.”

“முப்பத்தேழு எட்டு மக்கா!”

“கல்லு தாண்டினா வெளி மாநிலம்தான் மாமா. சாணிகூட இஞ்ச வரப்பிடாது.”

ஐந்து மாதமாக வெளிநாடு, வெளிநாடு என்று ஊரெல்லாம் பெருமை பேசியது நான். என் பேச்சை இந்தப் பூமியில் நம்பியது அரசாங்கம் ஒன்றுதான்.

அக்டோபர் 24, வியாழன்

அந்தப் பக்கத்து வியாபாரிகள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். நான் மாட்டிக்கொண்டது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பாதி விலை சொன்னார்கள். அந்த விலைக்குக் கொடுத்தால் தவிட்டுக் காசுகூடத் தேறாது.

ஃபாஸ்ட் பாசஞ்சரின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார், “இதுக்கு என்ன பேரு?” நான் தவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன்.

இரண்டு மாதம் இருக்கிறது. எப்படி? தெரியவில்லை. எப்படியும்.

நவம்பர் 3, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததைச் சரித்திரப் புத்தகத்தில் போட வேண்டும். ஆராதனைக்குப் போய்விட்டு வந்தால் அடுக்களை வாசலில் சூப்பர் ஃபாஸ்ட் நிற்கிறான். கொட்டகைக் கதவைப் பெயர்த்துக்கொண்டு, சர்வே கல்லைத் தாண்டி, எந்த ஆவணமும் இல்லாமல் கேரளத்துக்குள் நுழைந்து எங்கள் வாழைக்குலையைத் தின்றுகொண்டிருக்கிறான். பின்னாலேயே சத்தியதாஸ்.

“அளியா, கள்ளக்கடத்தலா? நான் மிருக ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டா?”

“மச்சான், அவன் தனியா வந்தவனாக்கும். எனக்கு சம்பந்தம் இல்ல!”

தள்ளினேன். நூறு கிலோ. அவனுக்கு எங்கள் நாடு பிடித்துவிட்டது, நகர மறுத்தான். முன்னால் சுகிர்தபாய் கஞ்சித் தண்ணீர்ச் சட்டியோடு நடக்க, பின்னால் நான் தள்ள, முப்பத்தேழு எட்டுக்கு ஒரு மணி நேரம். சத்தியதாஸ் மூச்சு வாங்கச் சிரித்தார். நான் பன்றி அளவுக்குச் சேறாகி, கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டேன்.

செரி, போச்சு. எல்லாம் போச்சு. நீ கையெழுத்துப் போட்டுக் குடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

“கேட்டியளா, தடை பன்னிக்குத்தானே?”

“ஓ.”

“மனுசனுக்கு உண்டா?”

“என்ன மனுசனுக்கு?”

“கறி இஞ்சேருந்து அங்க போவப்பிடாது. அங்க இருக்கவன் இஞ்ச நடந்துவந்து தின்னுட்டுப் போனா எந்த கவர்மென்ட்டு அவனுக்க வயித்தைத் திறந்து பாக்கும்?”

நான் அப்படியே சேற்றில் இருந்தேன். இந்தப் பெண்ணோடு முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

நிலம் அவள் பெயரில். ஆகவே அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீசுக்குச் சாப்பாட்டுக் கடை லைசென்ஸ் கேட்டு அவளே போனாள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் பேசினாள். நான் தலையாட்டினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. இன்று வெள்ளோட்டம். ஆர்டினரி இறைச்சிக்கடைக்குப் போய்த் துண்டுகளாகத் திரும்பினான். தேங்காய்க் கொத்து, குருமிளகு, வட்டமாக அரிந்த வெங்காயம், அவள் அம்மாவின் கைப்பக்குவத்தில் வறுத்து அரைத்த மசாலா. கூடவே அவித்த மரச்சீனி. ரெஷ்மா இரண்டு தட்டு தின்றாள். தாணுமாலயன் தட்டை வழித்துவிட்டு, “அண்ணே, எனக்க கடையைப் பூட்டிட்டு இஞ்ச வந்து வேலைக்கு நிக்கட்டா?” என்றான்.

பதிவு செய்த நாற்பத்துமூன்று வீட்டிலும் ஏறி இறங்கிச் சொன்னேன்: கறி வராது, நீங்கள் வாருங்கள். “வெளிநாட்டுப் பயணமா?” என்று கேட்டார் பொன்னுதாஸ். ஆமாம், விமானக் கூலி கிடையாது என்றேன்.

டிசம்பர் 25, புதன்

எழுத நேரமில்லை. பெஞ்சு போதவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

உள்ளதை எழுதுகிறேன். பன்றியில் லாபம் இல்லை. உயிரோடு விற்றிருந்தால் கொட்டகைக்குப் போட்ட காசு கொட்டகையிலேயே கிடந்திருக்கும். லாபம் சட்டியில் வந்தது. குட்டி விலை, கொட்டகை, கிழங்கு, தவிடு, விறகு, மசாலா, இறைச்சிக்கடைக் கூலி, எனக்கு இரண்டு ஜோடி செருப்பு, எல்லாம் போக மிச்சம் நிற்கிறது. மலையளவு இல்லை. ஒரு மடி அளவு. அவள் அதை மடியில் கட்டிக்கொண்டாள்.

இன்று மத்தியானம் சத்தியதாஸ் பத்திரம் எழுதுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையெழுத்துக்குச் சொன்ன புதுவருசம் நாளை. கல்லுக்கு அந்தப் பக்கம் வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். சுகிர்தபாய் கரண்டியை விடாமல் சொன்னாள்:

“அண்ணா, நிலம் சும்மா கெடக்கல்ல. இருங்க, தட்டு எடுக்கேன்.”

பத்திரக்காரர் முதலில் உட்கார்ந்தார். பிறகு அண்ணன். மூன்றாவது தட்டில் சத்தியதாஸ் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “மஸ்கட்டில இது கெடைக்காது.”

2025 ஜனவரி 19, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கடை. அடுத்த ஈட்டுக்குப் பன்னிரண்டு குட்டி சொல்லியிருக்கிறாள். பெயர் வைக்க எனக்கு பஸ் போதாது. ரெஷ்மா டோக்கன் அச்சடித்துக் கொண்டுவந்தாள். பரணிலிருந்து பழைய விசிலை எடுத்துக் கழுவினேன். டோக்கன் கொடுப்பது, பெஞ்சில் ஆளை நெருக்கி உட்கார வைப்பது, இடம் காலியானால் ஊதுவது, இவ்வளவும் என் இலாகா. இன்று ஒருவர் நடுவில் நின்று வழியை அடைத்தார். “உள்ள தள்ளி நில்லும்!” என்றேன். தமிழ்நாடே தள்ளி நின்றது.

சாயங்காலம் சர்வே கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கறி மணத்தில் கீழே பார்க்காமல் வருகிறவர்கள் காலை இடித்துக்கொள்கிறார்கள். சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்தது சத்தியதாஸ். பெருவிரலில் கட்டுப் போட்டிருக்கிறார்.