உன் பேரில் நான் சொன்ன பதில்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உம்மாவும் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் ஐந்து வேளையும் கையேந்துகிறேன். உம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்க்கச் சொன்னால் தேய்ப்பாள், மாடிப்படி ஏறாதே என்றால் மட்டும் காது கேட்காது. என் பட்டறையில் ஏழு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துபோட்டு வரிசையில் நிற்கின்றன, வெயில் ஏறினால்தான் ஜனங்களுக்கு என் ஞாபகம் வருகிறது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து அவற்றுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு இதை எழுதுகிறேன். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், பேனாவைப் பிடித்தால் கொஞ்சமாவது யோசிப்பேன்.

உம்மா சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே, மூன்று நாள் வாயைக் கட்டித்தான் வைத்திருந்தாள், நாலாம் நாள் சோற்றில் கை வைத்தபடியே அழுதாள், நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். உன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறவராம், இரண்டு வருடப் பழக்கமாம். தங்கைக்குக் கல்யாணம் முடியட்டும், வீட்டில் சொல்கிறேன் என்றாராம். தங்கை கல்யாணமும் முடிந்தது. அப்புறம் வேலை நிரந்தரமாகட்டும் என்றார், அதுவும் ஆயிற்று. இப்போது அவர் உம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், இந்த நேரத்தில் எப்படிப் பேசுவது என்கிறாராம். அதுவரைக்கும் யாரிடமும் மூச்சு விடாதே என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறார். ஹாஸ்டல் மாடியில் துணி காயப்போடும் இடத்தில் நின்று நீ அவரோடு பேசுவதும், யாராவது படியேறி வந்தால் போனை முந்தானைக்குள் மறைப்பதும் கேட்டு நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன் மகளே. நீ சின்ன வயதிலிருந்தே எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை.

வாப்பாவாக நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட முடியாது. நிக்காஹ் இல்லாத பழக்கம் நமக்கு ஹராம். மார்க்கம் அந்தப் பாவத்தைச் செய்யாதே என்று மட்டும் சொல்லவில்லை, அதன் பக்கமே நெருங்காதே என்கிறது. ஏன் அப்படி என்று இளவயதில் எனக்கும் புரியவில்லை, இப்போது உன்னை நினைத்தால் புரிகிறது. நெருங்கிய பிறகு திரும்பி வரும் தூரம் முழுவதையும் பெண்ணே தனியாக நடக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கு அவர் வேண்டாம் என்றால் அவருக்கு எதுவும் குறையாது, சாட்சி இல்லை, மாப்பிள்ளை கொடுத்த மஹர் இல்லை, பெரியவர் யாரும் பேசவில்லை, துடைத்துப் போட்டுவிட்டுப் போவார். உனக்காக வந்து ஏன் என்று கேட்க ஒரு ஆள் இருக்க மாட்டார், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. பெண்ணுக்குப் பொறுப்பாக வலீ வேண்டும், சாட்சி வேண்டும் என்று வைத்திருப்பது உன்னைப் பூட்டி வைக்க இல்லை, உனக்குப் பின்னால் ஆள் நிற்க வேண்டும் என்றுதான்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன். பட்டறையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது என் கதைதான். நாலு வருடம் முன்னால் கண்ணாடிக் கடைத் தம்பிக்காக அவர் மாமா நம் வீட்டு வாசலுக்கு வந்து முறையாக உன்னைக் கேட்டார். நல்ல பிள்ளை, விடியற்காலை பஜ்ர் ஜமாஅத்தில் முதல் வரிசையில் நிற்பவர், ஆனால் அடுத்தவர் கடையில் லென்ஸ் தேய்க்கிற சம்பளக்காரர் என்று எனக்கு இளக்காரம். திருப்பி அனுப்பிவிட்டு, சாப்பிடும்போது, கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது, பவர் சேரலைன்னு திருப்பி அனுப்பிட்டேன் என்று நக்கலடித்தேன். எல்லோரும் சிரித்தோம். நீ தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாய், ஒரே தட்டை வெகுநேரம் கழுவினாய், நான் கவனித்தேன், கவனித்துவிட்டுக் கேட்காமல் இருந்தேன். கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன் என்று அன்றைக்கே உம்மாவிடம் சொன்னாயாமே. இதை எனக்கு இப்போதுதான் சொல்கிறாள்.

பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டை எழுதுகிறவன் நான், பத்தொன்பது வருடமாக. இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டு மணப்பெண் இருக்கும் அறை வாசலில் நின்று, இன்னாரை இவ்வளவு மஹருக்கு மணக்க உனக்குச் சம்மதமா என்று கேட்டு, பதில் வரும்வரை காத்து நிற்பேன். ஒரு தடவை ஒரு பெண் வாய் திறக்கவே இல்லை, மௌனம் சம்மதம்தானே என்று அவள் சித்தப்பா அவசரப்படுத்தினார், அழுகிற மௌனம் சம்மதம் இல்லை என்று அவரோடு சண்டை பிடித்தவன் நான். அப்படிப்பட்டவன் என் வீட்டுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது மட்டும் என்றால்கூட அல்லாஹ்விடம் பிழை பொறுக்கச் சொல்லித் தவ்பா செய்துவிட்டு இருந்திருப்பேன். நேற்று கண்ணாடிக் கடைக்குப் போனேன், மன்னிப்புக் கேட்கத்தான். அந்தத் தம்பி இப்போது சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார், மனைவி கல்லாவில் இருந்தாள், தரையில் விரித்த துணியில் ஒரு குழந்தை கண்ணாடி உறையைக் கடித்துக்கொண்டிருந்தது. எனக்கு டீ சொல்லிவிட்டு, அந்தப் பழைய விஷயத்தை நான் எடுத்ததும் சிரித்தார். அதெல்லாம் நசீபு மாமா, அல்லாஹ் எழுதினதுதான் நடக்கும், அவங்களுக்கே இஷ்டமில்லைன்னு நீங்கதான் சொல்லி அனுப்பினீங்களே, பொண்ணு வேணாம்னா அப்புறம் என்ன இருக்கு, அதனாலதான் மறுபடி கேட்டு வரலை என்றார். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். நான் வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள், மகளுக்கு இஷ்டமில்லை என்றால் பேச்சு முடிந்துவிடும் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவருடைய மனைவியும் பிள்ளையும் அங்கே இருக்க உண்மையைச் சொல்லி இனி யாருக்கு லாபம். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்கிறேன். என்னை மன்னிப்பாயா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. வாசலுக்கு வந்தவரை நான் துரத்தினேன், அதனால்தானோ வாசலுக்கே வராத ஒருவரை நீ நம்பினாய். அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது, ஆனால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது, அந்தப் பங்குக்கு மறுமையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்றோடு அந்தப் போன் பேச்சை நிறுத்திவிடு. கடைசியாக ஒன்றே ஒன்று கேள், அவர் வீட்டுப் பெரியவர் ஒருவருடைய நம்பரை. தந்தாரானால் நான் முதல் ரயிலில் போய் அவர்கள் வீட்டில் உட்காருவேன், சம்பளம் கேட்க மாட்டேன், வேலை கேட்க மாட்டேன், தீன் என்கிற மார்க்கப் பற்றும் குணமும் மட்டும் விசாரிப்பேன். தராமல் இன்னொரு காரணம் சொன்னாரானால் அதுதான் அவருடைய பதில், அழுதாலும் பரவாயில்லை, விலகிவிடு. விலகிய பிறகு இங்கே வந்து ஒரு மாதம் இரு, என்ன ஏது என்று ஒருவரும் கேட்க மாட்டோம், உம்மாவையும் கேட்க விட மாட்டேன். யா அல்லாஹ், என் பிள்ளையின் கண்ணியத்தையும் ஈமானையும் காப்பாற்று, அவள் மனதுக்கு ஆறுதல் கொடு. ரத்தம் குறைவு என்று தந்த மாத்திரையை விடாமல் போடு, ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறவள் உன்னுடையதைக் கவனிப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கூப்பிடு, போனை நான்தான் எடுப்பேன். நீ பேசாமல் இருந்தாலும் வைக்க மாட்டேன், நீயாக வாய் திறந்து சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன், உன் பேரில் இனி நான் பதில் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் கேட்கத் தவறிய
வாப்பா