மார்னியின் ரைஃபிளுக்குப் புது ஹேண்ட்கார்டு

2024 மார்ச் 9, சனி, காலை 7.20

காபி முடிவதற்குள் மார்னி வாயில் கோல்பியின் பெயர் பதினொரு தடவை. எண்ணிக்கையில் தவறில்லை, விரல் விட்டு எண்ணினேன்.

விஷயம் இதுதான். என் மனைவி மார்னியின் ரைஃபிளில் இருப்பது கடையிலிருந்து வந்த குட்டைப் பிளாஸ்டிக் ஹேண்ட்கார்டு. இடது கை பிடிக்கிற முன்மூடி. முப்பது தோட்டா போனால் கொதிக்கிறது. போன போட்டியில் அவள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கிளப்பில் பயிற்சி பார்க்கிறவன் கோல்பி. “நீளமா அலுமினியத்துல ஒண்ணு வாங்கு, என் கராஜுக்கு எடுத்துட்டு வா, அரை மணியில மாட்டித் தரேன்” என்றானாம்.

“அவன் எதுக்கு? நான் மாட்டறேன்” என்றேன்.

“உனக்குத் துப்பாக்கி வேலை தெரியாதே லார்ஸ்.”

“தினம் முந்நூறு அடி உயரத்துல காற்றாலை போல்ட் முறுக்கறேன். தெரியாதா?”

“அது காற்றாலை.”

ஏப்ரல் 6 போட்டிக்குள் மாட்டியாக வேண்டும். மாநிலப் போட்டிக்குப் போகும் அணியில் ஒரே ஓர் இடம் காலி. மார்னிக்கா, கிளப்பில் அவளோடு சுடும் வெர்னாவுக்கா என்பது அன்றைக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவள் காத்திருக்கும் இடம்.

மார்ச் 10

ஹேண்ட்கார்டு ஆர்டர் போட்டேன். அவன் சொன்ன மாடல் இல்லை. அதைவிட லேசானது.

மார்ச் 14, வியாழன்

கிளப் வியாழன் மட்டும்தான் திறக்கும். அவளை அழைத்து வரப் போனேன். அவள் சுடும் நிலையில் நிற்கிறாள். கோல்பி அவள் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் உள்ளே தள்ளுகிறான். நான்கு விநாடி. திருத்த ஒரு விநாடி போதாதா?

என்னைப் பார்த்ததும், “வாங்க இன்ஜினியரே” என்றான். நான் இன்ஜினியர் இல்லை, இரண்டு வருஷ டெக்னீஷியன் படிப்பு. அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறான்.

வண்டியில் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். எதற்கு என்று கேட்டேன். “சும்மா, கோல்பி ஒண்ணு சொன்னான். உனக்குச் சொன்னா சிரிப்பு வராது.”

வராதுதான்.

மார்ச் 24, ஞாயிறு

மாட்டியாயிற்று. பழைய மூடியைக் கழற்றி, அதைப் பிடித்திருந்த முனைத் தகட்டை எடுத்து, புது நட்டை அளவு பார்த்து முறுக்கி, காஸ் பிளாக்கைத் திரும்பப் பூட்டி, அலுமினியத்தை மேலே செருகினேன். மொத்தம் ஒரு மணி ஐம்பது நிமிஷம். நேராக இருக்கிறது. அழகாகவும் இருக்கிறது.

காஸ் பிளாக் சின்னத் துண்டுதான். பேரலில் ஒரு துளை, அதன் வழியே வரும் வெடிவாயுவை இது பின்னால் திருப்பி அனுப்பும். அந்த வேகத்தில்தான் அடுத்த தோட்டா தானாக ஏறும். பேரல் படிபோலத் தடிக்கிற விளிம்போடு ஒட்ட நெருக்கித் தள்ளிப் பூட்டினேன். இடுக்கு இல்லாமல், சுத்தமாக.

டப்பாவில் ஒரு செய்முறைத் தாள் இருந்தது. இரண்டு பக்கம். படிக்காமல் குப்பையில் போட்டேன். படம் போட்டு எனக்குச் சொல்லித் தர வேண்டுமா?

மார்னி கையில் வாங்கி, இடது கையை முன்னால் நீட்டிப் பிடித்தாள். “இவ்வளவு லேசா இருக்கே.” முகம் மலர்ந்தது. கோல்பி மாட்டியிருந்தால் இந்த முகம் அவன் கராஜில் மலர்ந்திருக்கும்.

மார்ச் 28, வியாழன்

மாடுகள் கன்று போடும் பருவம். மார்னி கால்நடை மருத்துவரிடம் உதவியாளர், இரண்டு வாரமாகப் பயிற்சிக்கே போக முடியவில்லை, அடுத்த வியாழனும் முடியாதாம். “நீயே எடுத்துட்டுப் போய் ஒரு முப்பது சுட்டுப் பாத்துடேன்” என்றாள்.

போனேன். வாசலில் கோல்பியின் வண்டி. அவன் கை கட்டிப் பக்கத்தில் நிற்க, நான் என் வேலையைச் சுட்டுக் காட்டுவதா? ஏதாவது குறை சொல்வான். குறை இல்லாவிட்டாலும் “பரவாயில்லையே இன்ஜினியரே” என்பான். அதைவிடக் குறை சொல்வதே மேல்.

வண்டியைத் திருப்பிவிட்டேன்.

“சுட்டுப் பாத்தியா?” என்று கேட்டாள். பூட்ஸ் முழுக்கச் சாணி, நிற்கவே முடியவில்லை அவளால்.

“பாத்துட்டேன்.”

ஏப்ரல் 6, சனி

முதல் கட்டத்தில் முதல் தோட்டா போயிற்று. இரண்டாவது ஏறவில்லை. கையால் இழுத்து ஏற்றினாள். மூன்றாவதும் அப்படியே. நான்கு கட்டத்திலும் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து இழுத்துச் சுட்டாள். குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. நேரம்தான் ஓடிவிட்டது. பதினாறு பேரில் பதினான்காவது. இடம் வெர்னாவுக்கு.

நடுவில் கோல்பி வந்து பார்த்தான். ஹேண்ட்கார்டின் ஓட்டை வழியே உள்ளே டார்ச் அடித்தான். பிறகு என்னைப் பார்த்தான். மார்னியிடம், “அப்புறமா பாக்கலாம், நீ முடி” என்று மட்டும் சொன்னான்.

வண்டி நிறுத்துமிடத்தில் என் பின்னால் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

“தகட்டை எடுத்தா, அது இருந்த அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் பிளாக்கைப் பூட்டணும். ரெண்டு விசிட்டிங் கார்டு தடிமன். நீ ஒட்டத் தள்ளிட்ட. துளை பாதி மூடிக்கிச்சு.”

“சரி.”

“எல்லாரும் பண்ற தப்புதான். ஆனா சுட்டுப் பாத்திருந்தா முதல் ரெண்டு தோட்டாவிலயே தெரிஞ்சிருக்குமே?”

நான் பையில் வண்டிச் சாவியைத் தேடினேன்.

“நான் அவகிட்ட சொல்லமாட்டேன். நீ சொல்லு.”

அவன் சொல்லித் தொலைத்திருக்கலாம். இப்போது அவன் பெரிய மனுஷன், நான் — என்ன?

ஏப்ரல் 7

அவள் தன் தோட்டாக்களைத்தான் சந்தேகப்படுகிறாள். அவளே வீட்டில் வெடிமருந்து அளந்து செய்தவை. “பவுடர் கம்மியா போட்டுட்டேன் போல. என் தப்புதான்.” சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தோட்டா பிரிக்கும் சுத்தியலில் செருகி ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரிக்கிறாள், மருந்தை நிறுக்கிறாள், குறித்துக்கொள்கிறாள். எல்லாம் சரியாகவே இருக்கிறது. மறுபடி நிறுக்கிறாள்.

தட்டும் சத்தம் சமையலறையில் கேட்கிறது. நான் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே.

வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி — ஏன் சுட்டுப் பார்க்கவில்லை? அதற்குப் பதில் கோல்பி. அதை எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 8

நூற்று நாற்பது பிரித்துவிட்டாள். இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

சொன்னேன். வேலையிலிருந்து வந்ததும், ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல்.

“தோட்டா இல்ல மார்னி. நான்தான். காஸ் பிளாக்கை ஒட்டிப் பூட்டிட்டேன்.”

“நீ சுட்டுப் பாத்தப்ப ஓடிச்சே?”

“சுடல. வாசல்ல கோல்பி வண்டி நின்னுச்சு. திரும்பிட்டேன்.”

சுத்தியலைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

“டார்ச் அடிச்சானே கோல்பி, அவனுக்கு எப்ப தெரியும்?”

“சனிக்கிழமையே.”

“அப்ப நான் மூணு நாளா இதைப் பிரிச்சுட்டு இருக்கறது ரெண்டு ஆம்பளைங்களுக்கும் தெரியும்.”

“பிரிக்கறது அவனுக்குத் தெரியாது.”

“உனக்குத் தெரியும்ல.”

பிரித்ததையெல்லாம் டப்பாவில் அள்ளிப் போட்டபடி, “கோல்பி மேல உனக்கு என்னதான்டா பிரச்சனை?” என்றாள். யோசித்தேன். அவன் என்னிடமிருந்து எதையும் தட்டிப் பறிக்கவில்லை. அவனோடு இருக்கும்போது அவள் நன்றாகச் சுடுகிறாள், அதுதான். அதைச் சொன்னேன்.

“தனியா இருக்கும்போதும் நான் நல்லாத்தான் சுடுவேன்” என்றாள். “அப்ப நீ வந்து பாத்ததே இல்ல.”

ஏப்ரல் 14, ஞாயிறு

அந்தச் செய்முறைத் தாளைக் குப்பையிலிருந்து அவளே எடுத்துவைத்திருந்தாளாம். மேஜையில் விரித்து, இரண்டு பக்கமும் படித்தாள். என் கருவிப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். என் உதவியைக் கேட்கவில்லை. ஹேண்ட்கார்டைக் கழற்றி, பிளாக்கைத் தளர்த்தி, அளவுத் தகடு வைத்து இடைவெளி விட்டுப் பூட்டினாள். நாற்பது நிமிஷம். நான் வாசல் பக்கம் நின்றேன். ஒரு முறை என் கை தானாக முன்னால் போயிற்று. “தொடாத” என்றாள்.

பிறகு கிளப் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போய்ச் சுட்டுவிட்டு வந்தாள். அறுபது தோட்டா. எல்லாம் ஏறியதாம்.

வெர்னாவால் முடியாவிட்டால் சுட, மாற்று ஆளாக அவளை எடுத்திருக்கிறார்கள். மாநிலப் போட்டி மே மாதம் மூன்று நாள், கோல்பியின் வண்டியில் நான்கு பேர் போகிறார்கள். எனக்கு அந்த வாரம் காற்றாலை டவரில் வேலை. மாற்றிக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள்.

செய்ய வேண்டியவை:

1. கிளப் கமிட்டிக்கு எழுதுவது: ஏப்ரல் 6 கோளாறுக்குக் காரணம் மார்னியின் தோட்டா அல்ல, என் வேலை. இரண்டு வரி போதும்.
2. கோல்பியிடம் நேரில் போய், அவளிடம் சொல்லிவிட்டேன் என்று சொல்வது. “இன்ஜினியரே” என்றால் பதில் சொல்லாமல் வருவது.
3. பிரித்த தோட்டாக்களைத் திரும்பச் செய்ய உதவுவது. அவள் கேட்டால் மட்டும்.
4. மே மாதம் அந்த வண்டி வாசலுக்கு வரும்போது அவள் பையைத் தூக்கிப் பின்னால் வைத்து, “நல்லா சுடு” என்று சொல்வது. வேறு எதுவும் சொல்லாமல் இருப்பது.