"இஞ்ச வரேல்லை அக்கா"

பெப். 8, சனி

மைனஸ் 22. காற்றோடு இன்னும் மோசம். பஸ் பத்து நிமிடம் பிந்தியது.

மரவள்ளி இரண்டு பெட்டி உரித்தாயிற்று. கறுப்பு பீன்ஸ் நேற்றே ஊறப்போட்டது. பன்றி இறைச்சி போதாது, மார்சியாவிடம் சொல்ல. பொரிக்கிற எண்ணெய் மாற்ற வேண்டும். மூன்றாம் தடவையாகச் சொல்கிறேன். மார்சியா முதலாளியம்மா, காதில் விழாது.

சனி மத்தியானம் பிரேசில்காரர் எங்கள் பாருக்குக் குடும்பத்தோடு வரும் நாள். கைக்குழந்தையும் வரும், மாமியாரும் வருவார். பெரிய பியர்ப் போத்தல் ஒன்று, சுற்றிவரச் சின்னச் சின்னக் கிளாஸ். தன் கிளாசைத் தானே நிரப்புவதில்லை, பக்கத்தில் இருப்பவர் ஊற்ற வேண்டும். சனி தவறாமல் வரும் குணம் அண்ணைக்கு இதைக் கண்டால் உருக்கம். "எங்கட ஆக்கள் கார் டிக்கியைத் திறந்து வைச்சுக்கொண்டு கள்ளர் மாதிரிக் குடிக்கிறாங்கள். இஞ்ச பாரும், மாமியும் மருமகனும் சியர்ஸ் சொல்லினம்!" சொல்கிறவர் யார்? ஆற்றுக்கு அந்தப்பக்கம் லவாலிலிருந்து மனைவிக்குத் தெரியாமல் வந்து, போனை நிறுத்திவிட்டு, போகும்போது வாய் மணம் போகக் கராம்பு சப்புகிறவர்.

மூன்று மணிபோல் என் போன் அடித்தது. அவர் மனைவி, சரோ அக்கா. "தம்பி, இவர் அங்க..." முடிக்க விடவில்லை. "இஞ்ச வரேல்லை அக்கா." வைத்துவிட்டேன். கையெல்லாம் மா, சட்டியில் மீன் உருண்டை.

யார் என்று மார்சியா கேட்டாள். சொன்னேன். எங்கள் பிரேசிலில் மனைவி போனில் தேடினால் அவளையும் வரச்சொல்லி இன்னொரு கிளாஸ் வைப்போம் என்றாள், தன் பிரெஞ்சில். சிரித்துவிட்டுப் போனேன். நம்மவர் நடப்பு வேறு. மனைவி போனில் தேடினால் ஆள் இல்லை. யாரும் சொல்லித்தந்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். எனக்காகவும் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணையிடம் சொன்னேன். "நல்ல வேலை செய்தீர்." இன்னொரு போத்தல் எடுத்தார். ஐந்தரைக்குப் போனார்.

பெப். 9, ஞாயிறு

பனி. வாசல் வழிக்க வேண்டும், இடுப்பு விடாது.

என் மனைவி வதனி கோயிலிலிருந்து வந்து சொன்னாள். பாரிசில் இருந்த குணம் அண்ணையின் தமையன் நேற்றுச் செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் கடைசி நேரம் "தம்பியோட ஒருக்காக் கதைக்கவேணும்" என்று கேட்டாராம். பதினொரு வருடம் முகம் முறித்துக்கொண்டு இருந்தவர்கள். ஒரு கலியாண வீட்டில் சாப்பிடாமல் எழும்பிப் போனதில் தொடங்கியது. தமையனின் மகன் போனை வைத்துக்கொண்டு கட்டிலோடு நின்றிருக்கிறான். அண்ணையின் போன் நிறுத்தி இருந்தது. நம் நேரம் நாலரைக்கு முடிந்துவிட்டது.

நாலரைக்கு அவருக்கு நான் பொரித்த மரவள்ளி கொண்டுபோய் வைத்தேன்.

"என்னக்கா?" என்று கேட்டிருக்கலாம். அவ்வளவுதான். கேட்கவில்லை.

வதனியிடம் சொல்லவில்லை. சாப்பாட்டைத் தள்ளிவைத்தேன். பல்லு நோகுது என்றேன்.

பெப். 10, திங்கள்

லவால். துக்கம் விசாரிக்க. வாசலில் இருபது சோடிச் சப்பாத்து. சரோ அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதை சொன்னார்: "எல்லா இடமும் போன் எடுத்துப் பாத்தன். பாவம், இவர் கராச்சில கார் திருத்திக்கொண்டு நிண்டிருக்கிறார்." என்னைப் பார்த்துத்தான் சொன்னாரா? நான் கால்விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை பின்பக்கம் கூட்டிப்போனார். கோட்டு இல்லாமல் நின்றார்.

"கராச் எண்டு சொல்லிப்போட்டன். அப்பிடியே இருக்கட்டும்."

"அண்ணை, நான் விசயத்தைக் கேட்டிருந்தா..."

"உம்மில பிழையில்லை. நான்தானே அப்பிடிப் பழக்கி வைச்சனான். அவளுக்கு மட்டும் தெரியவேண்டாம். தெரிஞ்சா என்ர முகத்தில முழிக்கமாட்டாள்."

பின்னேர பிளேனில் பாரிஸ் போய்விட்டார். உடம்பையாவது பார்க்கலாம் என்று.

அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெப். 12, புதன்

பால், முட்டை, உப்பு (வாசல் பனிக்கு). மெட்ரோ கார்ட்.

புது எண்ணெய் வந்துவிட்டது. அதில் ஒரு சந்தோசமும் இல்லை.

இன்று வேலையில் யாருடைய போன் அடித்தாலும் திரும்பிப் பார்க்கிறேன். ஒரு மனுசன் மூச்சு வாங்கிக்கொண்டு தம்பியைக் கேட்டிருக்கிறார். தம்பி என்னிடமிருந்து பத்தடியில். நடுவில் நான் நின்று இல்லை என்று சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எழுதினாலும் குறையவில்லை.

வதனியிடம் சொன்னேன். கையிலிருந்த உடுப்பை மடித்து முடித்தாள். பிறகு, "சரோ அக்காவிட்டச் சொல்லிப்போடுங்கோ. ஏசினா வாங்குங்கோ."

அண்ணை வேண்டாம் என்றாரே. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

பெப். 15, சனி

மைனஸ் 9, வெயில். வேலைக்கு முதல் லவால் போய் வந்தேன். பாண் ஒன்றும் வாழைப்பழமும் கொண்டுபோனேன்.

செத்தவீட்டுத் துடக்கு, தேத்தண்ணி வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, ஊற்றினார். நின்றபடியே சொன்னேன். "அக்கா, அண்டைக்கு அண்ணை பாரிலதான் இருந்தவர். நான் பொய் சொன்னனான்."

சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"தெரியும் தம்பி. நீர் கதைக்கேக்க பின்னால இவற்ற சிரிப்புக் கேட்டது."

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"அங்க இவற்ற தமையனுக்கு மூச்சு இழுக்குது, இவர் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். சரியான விசர்க் கோவம் வந்திட்டுது. இருக்கட்டும், கிடந்து அனுபவிக்கட்டும் எண்டு விட்டிட்டன். திரும்ப எடுத்து, போனை அவரிட்டைக் குடும் எண்டு சொல்லியிருக்கலாம். ஒண்டரை மணித்தியாலம் இருந்தது தம்பி. அந்தப் பெடியன் திரும்பத் திரும்ப எடுத்தவன். தேடுறம் எண்டு சொன்னன்."

அழவில்லை. கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"இதை இவரிட்டச் சொல்லிப்போடாதையும். தெரிஞ்சா ஆள் என்னை மன்னிக்காது. நாளைக்கு மூண்டு மணிக்கு வந்திறங்கிறார். நீர்தான் எயார்போட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வரவேணும்."

ஓம் அக்கா என்றேன்.