நிறைத்துத் தந்த துப்பாக்கியும் கேளாமல் விட்ட கேள்வியும்

ஆழிமுக நாட்டு இளவரசி பவழநங்கையாரின் உயிருக்கு விலை பதினேழு பணம். நல்லெண்ணெய், மஞ்சள், பழந்துணி, குண்டைப் பிடுங்கத் தட்டார் வீட்டிலிருந்து அவசரத்துக்கு வாங்கிய குறடு, அதைக் கொதிக்கவைத்த விறகு என எல்லாம் கூட்டி அரண்மனைப் பண்டசாலை எழுதிய செலவு அவ்வளவே. எங்கள் துறைமுகக் கடைத்தெருவில் அந்தப் பணத்துக்குக் கறவை மாடு வராது. மாட்டைக் காட்டிவிட்டுக் கயிற்றை மட்டும் கையில் கொடுப்பார்கள். இவ்வளவு மலிவாக ஓர் உயிர் கிடைத்ததில் நாங்கள் பெருமை கொள்ள ஒன்றுமில்லை என்பதைச் சொல்லவே இவ்வோலை எழுதப்படுகிறது.

மேகம் படுத்துறங்கும் மலைமுடிகளுக்கு உரியவரும், மிளகுக்கொடி படர்ந்த சரிவுகளைக் காப்பவரும், சொன்ன சொல்லைக் கல்லில் வெட்டியது போல் வைத்திருப்பவருமான வேங்கைமேட்டு நாடாள்வார் கோளரிநாதர் திருமுன்னுக்கு, அலையெறி துறைகளின் காவலர் செழுங்கோ வேந்தரின் ஆணைப்படி தலைமை மந்திரி நெய்தலூர் எட்டியப்பன் வணங்கி எழுதுவது. தங்கள் சுனைகள் ஊறிக்கொண்டேயிருக்க. தங்கள் குடிகளின் குதிர்கள் நிறைந்திருக்க. தங்கள் எல்லையில் பகைவர் குளம்படி கேளாதிருக்க.

இவ்வோலையோடு வருகிறவர் தங்கள் தங்கை கணவரும் தங்கள் தூதருமான குன்றாண்டியார். அவர் உயிரோடு வருகிறார், முழுதாக வரவில்லை. அவரைப் பார்ப்பதற்கு முன் தாங்கள் இதைப் படித்துவிட வேண்டும் என்று, ஓலையை வாயிற்காவலர் வழியே முன்னால் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். படித்து முடித்தபின் தாங்கள் படை திரட்டினாலும் அது முறையே. ஆயினும் கடைசி வரி வரை பொறுத்தருள வேண்டும்.

நடந்தது இது. மிளகுச் சுங்கம் பற்றிய உடன்படிக்கை முடிந்த நாளில், தாங்கள் அனுப்பிய வெள்ளிப்பூண் துப்பாக்கியைக் குன்றாண்டியார் பட்டு விரித்த தட்டில் ஏந்தி அவைக்குள் வந்தார். தங்கள் மலைநாட்டில் எதையும் வெறுமையாகக் கொடுப்பதில்லை என்பதை இப்போது அறிவோம். குடம் கொடுத்தால் தேன் நிறைத்து, கூடை கொடுத்தால் தினை நிறைத்து, துப்பாக்கி கொடுத்தால் வெடிமருந்தும் குண்டும் நிறைத்துக் கொடுப்பது தங்கள் மரியாதை. நிறைத்திருப்பதைக் கொடுத்தவரே சொல்லிக்கொள்வது தற்பெருமை, வாங்குகிறவர் “நிறைவா?” என்று கேட்க வேண்டும், கொடுத்தவர் “நிறைவு” என்று விடைசொல்ல வேண்டும். எங்கள் மரியாதையோ வேறு வகை. பரிசைச் சோதிப்பது கொடுத்தவரைத் திருடர் என்பதற்கு ஒப்பு. கடைத்தெருவில் ஒரு வீசை புளி வாங்கவே சாக்குக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவுகிற நாங்கள், அரசவைக்குள் வந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வோம். இந்த இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் அன்று இளவரசி நின்றுகொண்டிருந்தார்.

பவழநங்கையாருக்கு அண்ணனான வேந்தரைச் சீண்டாவிட்டால் உண்ட சோறு செரிக்காது. வேந்தர் துப்பாக்கியைத் தூக்கி எடை பார்த்தபோது, சென்ற வேட்டையில் அவர் குறிவைத்த மான் மறுநாளும் அதே இடத்தில் மேய்ந்துகொண்டிருந்ததை இளவரசி அவையோருக்கு நினைவூட்டினார். தூணையாவது குறிபார்க்கலாமே, அது ஓடாது என்றார். அவை சிரித்தது. வேந்தரும் சிரித்தார். “தூணைவிட நீதான் அசையாம நிக்கறே” என்று குழலைத் தங்கை பக்கம் திருப்பினார். வெற்றுத் துப்பாக்கி என்றே எண்ணினார். எண்ணியதற்கு எந்த ஆதாரமும் அவரிடம் இல்லை. குன்றாண்டியார் ஓரடி முன்னே வந்ததை இளவரசி பார்த்தார். அவர் வாய் திறந்ததையும் பார்த்தார். வேந்தர் கேளாமல் தூதர் பேசலாகாது என்று கட்டியக்காரர் கோலை நீட்டி அவரை மறித்ததையும் பார்த்தார். வேந்தரின் விரல் விசையை இழுத்தது.

சத்தம் தமக்குக் கேட்கவில்லை என்று இளவரசி பின்னர் சொன்னார். யாரோ தோளில் இடித்துவிட்டுப் போனது போலிருந்ததாம். திரும்பித் திட்டத்தான் வாயெடுத்தாராம். அப்போதுதான் தம் சேலைத் தோளில் புகை வருவதையும், அண்ணனின் முகம் சாம்பலாகிக் கிடப்பதையும் கண்டார். பிறகு தரையின் குளிர்ச்சி மட்டுமே நினைவு.

அவர் விழுந்த இடத்தின் ஈரம் காய்வதற்குள் குற்றவாளி கிடைத்துவிட்டார். கோட்டைத் தளபதி மதவாரணர், துப்பாக்கியை நிறைத்தது யார் என்று கேட்டார். குன்றாண்டியார் மறைக்கவில்லை, தம் கையாலேயே நிறைத்ததாகவும், வாயிற்படியில் நின்று விசையருகே தீப்பற்றும் பற்றுமருந்து வைத்ததாகவும், மைத்துனரின் மானம் குறையாதபடி எல்லாவற்றையும் சரியாகச் செய்ததாகவும் சொன்னார். அதை ஒப்புதல் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டார்கள். நிறைத்த கையை வெட்டுவது, இளவரசி இறந்தால் தலையையும் எடுப்பது என்று அந்த மாலையே தீர்ப்பாயிற்று. வேந்தர் தலையசைத்தார். தம் விரலை நினைக்காமலிருக்க அவருக்கு அப்போது இன்னொருவருடைய கை தேவைப்பட்டது. நாடாள்வார் திருவுள்ளம் கொதிக்கும் என்று அறிந்தே எழுதுகிறோம்: தங்கள் மைத்துனரின் வலக்கை, தளபதியின் வாளால் மணிக்கட்டோடு வெட்டப்பட்டது.

குண்டு எலும்பை உரசி நின்றிருந்தது. மருத்துவர் அதைப் பிடுங்கியபோது இளவரசியின் வாயில் கொடுத்த தோல்வார் இரண்டாக அறுந்தது. அதன்பின் காய்ச்சல். புண்ணில் குண்டோடு போன பட்டுநூல் ஒன்று சீழ்பிடித்து, தோளை மறுபடியும் கீற வேண்டியிருந்தது. அவர் அலறியதைக் கேட்டு அந்தப்புரத்துப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் கண் திறந்து, கஞ்சி குடித்து, மலைநாட்டவர் என்ன ஆனார் என்று கேட்டார். தாதி மகிழ்ச்சிச் செய்தி என்றெண்ணி, கை வெட்டியாயிற்று, தலை இன்னும் மீதமிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். இளவரசி உடனே எழப் பார்த்தார்.

மருத்துவர் கையெடுத்துக் கும்பிட்டும் அவர் கேட்கவில்லை. கட்டிலோடு தூக்கச் சொல்லி அவைக்கு வந்தார். குன்றாண்டியாரைக் கொண்டுவரச் சொன்னார், துப்பாக்கியையும் கொண்டுவரச் சொன்னார். துப்பாக்கியைத் தட்டில் வைத்ததும் வேந்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டுப்போட்ட முண்டக்கையோடு நின்ற தூதரிடம், ஒரு துப்பாக்கி நிறைந்திருப்பதை எப்படி அறிவது என்று இளவரசி கேட்டார். இத்தனை நடந்தபின், குற்றம் சாட்டாமல் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

குன்றாண்டியார் துப்பாக்கியின் அடிக்கட்டையை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, குழல்வாயை ஆளில்லாத முற்றத்துப் பக்கம் சாய்த்து, மருந்து கெட்டிக்கும் இரும்புக்கோலை இடக்கையால் குழலுக்குள் நழுவவிட்டார். இரும்பில் இரும்பு மோதிக் கணீரென்றது. கோலின் முனை குழல்வாயோடு மட்டமாக நின்றது. வெறுமை என்றார். பிறகு மருந்தில்லாமல் துணியும் குண்டும் மட்டும் இட்டு மறுபடி கோலை விட்டார். இம்முறை தொப்பென்று அடங்கியது. கோல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நிறைவு என்றார். இளவரசி தம் வலக்கையால் கோலை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஓசையை மட்டும் கேட்டுச் சொல்லத் தெரியும்வரை விட்டு விட்டுப் பார்த்தார். வியர்வை அவர் கன்னத்தில் வழிந்தது.

பின்னர் அவர் பேசியதை மெருகூட்டாமல், சொன்னபடியே எழுதுகிறோம்.

“வாசல்லேர்ந்து உங்க கைக்கு வர வரைக்கும் இது எத்தனை பேர் கை மாறிச்சு அண்ணா? ஒருத்தராவது இந்தக் கோலை உள்ள விட்டுப் பாத்தாங்களா? இவர் நிறைச்சார், நீங்க கேப்பீங்கன்னு நின்னார். சொல்ல வந்தவரைக் கட்டியக்காரர் கோலை வெச்சுத் தடுத்தீங்க. நீங்களும் கேக்கல. நான் சிரிச்சிட்டிருந்தேன். நிறைச்ச கைக்குத் தண்டனை ஆச்சு. என் பக்கம் திருப்பின கைக்கு என்ன தண்டனை?”

வேந்தர் அரியணையிலிருந்து இறங்கி வந்து, வலக்கையைத் தங்கையின் கட்டில் சட்டத்தின் மேல் வைத்தார். மதவாரணர் தம் இடைவாளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். வேந்தர் விளையாட்டுக்கு அப்படிச் செய்யவில்லை என்பதை அங்கிருந்த எல்லோரும் அறிந்தார்கள்.

“எடுங்க அண்ணா,” என்றார் இளவரசி. “ஒரு கை போனதே அநியாயம். இந்தக் கைக்கு வேலை இருக்கு.”

அந்த வேலை மறுநாளே தொடங்கியது. வேந்தர் தம் கையாலேயே அரண்மனையிலுள்ள துப்பாக்கி ஒவ்வொன்றிலும் கோலை விட்டுப் பார்த்தார். படைக்கலச் சாலையில் வெறுமை என்று எழுதி அடுக்கியவற்றுள் ஏழு நிறைந்திருந்தன. அழகுக்குச் சுவரில் மாட்டியவற்றுள் மூன்று. அவற்றில் ஒன்று, வேந்தரின் இரண்டு வயது மகள் உறங்கும் தொட்டிலுக்கு நேர் மேலே தொங்கியது. அதைக் கழற்றி மருந்தை உதிர்த்தபின் வேந்தர் அன்று முழுதும் உண்ணவில்லை. மதவாரணருக்குப் பதவி போகவில்லை. போயிருந்தால் அவருக்குச் சுலபமாயிருந்திருக்கும். குன்றாண்டியாரின் புண்ணைக் கழுவித் துணி மாற்றும் பணி, அவர் புறப்படும் நாள்வரை தளபதிக்கு உரியதாயிற்று. தூதரும் தளபதியின் கை நடுங்குவதைக் கண்டு, வாள் பிடித்தபோது நடுங்கவில்லையே என்று ஒருமுறை கேட்டதாகச் சொல்கிறார்கள். தளபதி அடுத்த துணியைக் கிழித்தார்.

இனி, இரு நாடுகளுக்கும் பொதுவாக வேந்தர் இட்ட ஆணை. துப்பாக்கியைக் கொடுக்கிறவர் வாங்குகிறவர் கண்ணெதிரே கோலை விட்டுக் காட்ட வேண்டும். வாங்கியவர் அதை நம்பிவிடாமல் தாமும் விட்டுப் பார்க்க வேண்டும். இதில் எவரும் எவரையும் திருடர் என்றதாகாது. கோல் உள்ளே போய்க் கணீரென்று சொல்லும்வரை ஒவ்வொரு துப்பாக்கியும் நிறைந்ததே. சொன்னபிறகும் அதன் வாய் மனிதர் பக்கம் திரும்பலாகாது, விளையாட்டுக்கென்றால் அறவே ஆகாது. சுடுவது என்று முடிவாகும்வரை விசைக்கருகில் விரல் போகலாகாது. வீட்டில் வைப்பவர் சக்கிமுக்கிக் கல்லைக் கழற்றி, மருந்தை வேறு அறையில் பூட்டி வைக்க வேண்டும். தங்கள் நாட்டு மரியாதை குறைய வேண்டியதில்லை: குழல் வெறுமையாக வரட்டும், மருந்தும் குண்டும் தனிப்பையில் நிறைவாக வரட்டும். துப்பாக்கி ஒன்று அவையில் இருக்கும்போது, ஆபத்து என்று குரல் கொடுப்பவர் தூதரானாலும் தோட்டியானாலும் அவரை மறிப்பவரே குற்றவாளி. இளவரசியின் இடக்கை இனித் தோளுக்கு மேல் உயராது. நிறைகுழல் எது, வெறுங்குழல் எது என்று வாயிற்காவலர்களுக்குச் சொல்லித் தருபவர் இப்போது அவரே. கண்ணை மூடிக் கேட்டுச் சொல்லத் தெரியாதவருக்குக் காவல் வேலை இல்லை.

குன்றாண்டியாருக்கு ஈடு பேசினோம். பேரம் எங்களுக்கு வாய்வந்த கலை. பத்தாண்டுச் சுங்க விலக்கு வரை ஏறினோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சுங்கமெல்லாம் மச்சான்கிட்ட பேசிக்கோங்க. என் கையைக் குடுங்க, ஊருக்கு எடுத்துட்டுப் போறேன். முழுசா மண்ணுக்குப் போகணும்ல” என்றார். வெட்டிய அன்றே அகழியில் எறிந்துவிட்டதாகக் காவலர் சொன்னார்கள். வேந்தர் அகழி நீரை இறைக்கச் செய்து, சேற்றை அரித்துப் பார்க்கச் சொன்னார். அகழியில் முதலைகள் இருந்தன. கிடைக்கவில்லை.

படையா, பொறுமையா என்பது தங்கள் விருப்பம். இரண்டுக்கும் எங்கள் வாயிற்கதவு திறந்தே இருக்கும். மேற்கண்ட ஆணை எம் எல்லைக்குள் இன்றே நடப்பாகும். தங்கள் எல்லைக்குள் தங்கள் வாக்கால் நடப்பாகுக. வேந்தரின் வலக்கைப் பெருவிரல் அரக்கில் பதிந்ததே இவ்வோலைக்கு முத்திரை; மோதிர முத்திரை வேண்டாம் என்று அவரே விலக்கினார். கணக்கும் அவர் சொல்ல எழுதியது.

வேங்கைமேட்டிலிருந்து வரவு: துப்பாக்கி ஒன்று.
அதற்கு எதிர்ச்சீர்: குதிரை இரண்டு, இத்துடன் வருகின்றன. கணக்கு நேர்.
வேங்கைமேட்டிலிருந்து எடுத்தது: வலக்கை ஒன்று.
திருப்பியது: இல்லை.
ஆழிமுகம் தர வேண்டிய நிலுவை: வலக்கை ஒன்று.