திரைக்கு அப்பால் ஒரு செருமல்

சார்,

இன்று காலை ஒரு தொழிலாளியின் விரலுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். பச்சைத் திரைக்கு அப்பால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். என் கை அப்படியே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், மாத்திரைக்கு வந்த ஒரு கம்பெனி வாட்ச்மேன்.

நீங்கள் ஏற்படுத்திய பழக்கம் அது. ஒரகடம் தொழிற்பேட்டையிலிருந்து மெஷினில் விரல் நசுங்கி வருகிறவர்கள் பெருகிய நேரத்தில், நம் சுகாதார நிலையத்தோடு பக்கத்து ஊர் நிலையத்தையும் உங்கள் தலையில் கட்டினார்கள். தையல் போடுவது, சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது, யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பது எல்லாவற்றையும் நர்ஸ்களான எங்களுக்குப் பழக்கினீர்கள். திரைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வீர்கள். "நான் செருமினா நிறுத்துங்க சிஸ்டர். இல்லன்னா நீங்கதான் டாக்டர்."

"இன்னா சார், நர்ஸம்மாவா தைக்கிறாங்க?" என்று ஒருவன் மிரண்டான். "நான் தைச்சா கோணி தைச்ச மாதிரி இருக்கும், பரவால்லியா?" என்றீர்கள். அவன் என்னிடம் விரலை நீட்டினான்.

போகப் போகச் செருமல் குறைந்தது. ஒருநாள் நாற்காலியையே எடுத்துவிட்டீர்கள். அன்று எனக்கு இருந்த பெருமையை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

பிறகு அந்த மதியம். உங்கள் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தீர்கள்.

"சார், இது நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வண்டியக் கூப்பிடுறேன்."

"வெறும் கேஸ், சிஸ்டர். வீட்டுக்குப் போய்ப் படுத்தா சரியாயிடும்."

நான் போனை எடுத்தேன். நீங்கள் செருமினீர்கள். என் கை தானாக ரிசீவரை வைத்தது. உங்கள் ஸ்கூட்டர் குன்றத்தூர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று தகவல் வந்தது.

எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை, சார். ஊரில் எல்லோருடைய நெஞ்சையும் என்னை நம்பி விட்டீர்கள். உங்களுடையதை மட்டும் விடவில்லை.

தையலை முடித்துவிட்டு வாட்ச்மேனிடம் போனேன். முகமெல்லாம் வியர்வை. "கேஸுதாம்மா. மாத்திர குடுத்தா கெளம்பிடுவேன், ஷிப்ட் கீது" என்றார். பேசவிடாமல் உட்கார வைத்து, வண்டிக்குப் போன் செய்தேன்.

பின்னால் செருமல் கேட்டது. வாட்ச்மேன்தானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரிசீவரையும் வைக்கவில்லை.