கவிழ்த்து வைத்த கண்ணாடி

ஒஸ்லோ
15.11.2009

அன்புள்ள தம்பி பிலேந்திரனுக்கு,

அண்ணி எழுதுவது. மாதாவின் கிருபையால் நீரும் புளோறன்ஸும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே பனி தொடங்கிவிட்டது. இருட்டில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய், இருட்டில் வீடு திரும்புகிறேன். முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

உமது கடிதம் செப்ரெம்பரிலேயே கிடைத்தது. பதில் போடாததற்குக் கோபிக்க வேண்டாம். நீர் அனுப்பிய படிவத்தையும் பார்த்தேன். உமது அண்ணாவின் பெயர், அவரைக் கொண்டுபோன திகதி எல்லாவற்றையும் நீரே நிரப்பி, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தீர். மரணச் சான்றிதழ் எடுத்தால் வீட்டு உறுதிப்பத்திரத்தை மாற்றலாம், அவருடைய அறையையும் திறக்கலாம் என்று எழுதியிருந்தீர். உம்மில் பிழை சொல்ல மாட்டேன். அந்த அறையில் ஒரு துரும்பையும் அசைக்கக்கூடாது என்று மூன்று வருடமாக ரெலிபோனில் கத்தியவள் நான்தான். நாலு பிள்ளைகளோடு மற்ற இரண்டு அறைகளுக்குள் நெரிபட்டும் நீர் என் சொல்லைத் தட்டவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

இதற்கிடையில், ஒக்ரோபரில், நான் சீனாவுக்குப் போய் வந்தேன். சிரிக்காதேயும். கொழும்புக்கே தனியாகப் போகப் பயந்தவள் சாங்காய் வரைக்கும் போயிருக்கிறாள். சோபிகா இந்த அரையாண்டு அங்கேதான் படிக்கிறாள். ஒரு கிழமை வந்து நில்லுங்கோ அம்மா என்று பயணச்சீட்டையும் அனுப்பிவிட்டாள்.

ஒருநாள் என்னை ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பழைய எழுத்தாளர் ஒருவர் வாழ்ந்த வீடாம். இப்போது அவருடைய நினைவில்லம். அப்பாவும் எழுதுகிறவர், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று பிள்ளை நினைத்திருக்கிறாள். ஒடுங்கிய ஒழுங்கைக்குள் செங்கல் வீடு. வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். எங்களுக்கும் நோர்வேக்காரருக்கும் ஒத்துப்போகிற ஒரே பழக்கம் அதுதானே. காவலுக்கு நின்ற பெண் கையைக் காட்டித் திரும்பப் போடச் சொன்னாள். அது வீடில்லை என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மாடியில் அவர் எழுதிய அறை. மேசை, பிரம்புக் கதிரை, மூடி போட்ட தேநீர்க் கோப்பை, பாதி எழுதிய தாள். சுவரில் கலண்டர், அவர் இறந்த நாளோடு நின்றுவிட்டது. குறுக்கே ஒரு கயிறு. அவருடைய பெண்சாதிதான் ஒன்றையும் அசைக்காமல் காத்து வைத்திருந்து, கடைசியில் அரசாங்கத்திடம் ஒப்படைத்தாவாம். அறிவிப்பை வாசித்து சோபிகா சொன்னாள்.

மேசையில் அவருடைய மூக்குக்கண்ணாடி கவிழ்ந்து கிடந்தது. பதினேழு வருடம் இந்த ஒஸ்லோவில் உமது அண்ணாவோடு நான் சண்டை பிடித்தது அதற்குத்தான். "கண்ணாடியைக் கவிட்டு வையாதேங்கோ, கீறல் விழும்" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. எழுதி முடித்ததும் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். நான் போய் நிமிர்த்தி வைப்பேன். அன்றைக்கும் என் கை என்னைக் கேட்கவில்லை. கயிற்றுக்கு மேலால் எட்டி அந்தக் கண்ணாடியை நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

எங்கேயோ மணி அலறியது. காவல்காரப் பெண் ஓடி வந்து ஏசினாள். "அம்மா, இஞ்சை ஒண்டும் தொடக்கூடாது!" என்று சோபிகா என் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவர்களுடைய மொழியில் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு படத்தைப் பார்த்துப் பார்த்து, கண்ணாடியைப் பழையபடி கவிழ்த்து வைத்தாள்.

தம்பி, அதைப் பார்த்ததும் நான் அறையை விட்டு வந்துவிட்டேன். படியில் குந்தியிருந்து அழுதேன். தன்னால்தான் என்று சோபிகாவும் அழுதாள். அந்தப் பெண்ணில் பிழையில்லை. அந்த மனிதர் இனி வந்து கண்ணாடியைத் தேடப்போவதில்லை. அது எப்படிக் கிடந்தால் என்ன? ஆனால் உம்மைக் கொண்டு குருநகர் வீட்டில் நான் செய்வித்ததும் இதைத்தானே. உமது அண்ணா உயிரோடு இருக்கிறார் என்று ஊரோடெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டு, செத்தவருக்கு வைப்பதுபோல ஓர் அறையை வைத்திருக்கிறேன்.

சமாதானம் வந்துவிட்டது, இனி ஊரில் இருந்து எழுதப்போகிறேன் என்று இவர் வெளிக்கிட்டபோது, தடுக்காமல் பெட்டி அடுக்கிக் கொடுத்தவள் நான். அதை யாரிடம் சொல்லி அழுவது?

இந்த மாதம் இரண்டாம் திகதி இங்கே தமிழ்த் திருப்பலியில், இறந்தவர்களின் பெயர் எழுதத் தாள் தந்தார்கள். என் அப்பா, அம்மா பெயர்களை எழுதினேன். மூன்றாம் வரியில் பேனை நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்தான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை. எழுதாமல் வந்துவிட்டேன்.

படிவத்தை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்து வைக்கவில்லை. கிழிக்கவுமில்லை. ஆனால் அறையைத் திறவும். யன்னல்களைத் திறந்து, கறையான் பிடித்ததை எரித்துவிடும். மேசையில் பிள்ளைகள் இருந்து படிக்கட்டும், மை ஊற்றட்டும், சண்டை பிடிக்கட்டும். சேட்டுகள் உமக்கு அளவாக இருந்தால் போடும். அவருடைய எழுத்துத் தாள்களை மட்டும் கட்டி எனக்கு அனுப்பும். வேறொன்றும் காக்க வேண்டாம்.

ஒன்றே ஒன்று. வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் கண்ணாடி போடக்கூட விடாமல் கொண்டுபோனார்கள் என்று நீர்தான் அன்றைக்கு அழுதழுது சொன்னீர். அது இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கும், கவிழ்ந்து. கண்ணாடி இல்லாமல் உமது அண்ணாவுக்கு வாசற்படியும் தெரியாது. அதைத் துடைத்து, வாசற்கதவுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில் நிமிர்த்தி வையும், தம்பி.

கர்த்தர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

அன்புடன் அண்ணி,
கி. மரியரஞ்சனி